ஒரு காயிலும் நூறு ரூபா பேரமும்

ஆணி கொஞ்சம் அதிகம், அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூணு மாசம் ஆச்சு. வந்ததும் வராததுமா காரைப் பத்தி எழுதுறானேன்னு பாக்காதீங்க மக்களே. இது கார் பதிவு மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் நிக்கும். காரைப் பத்தி ஒன்னும் தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம், எழுதுறவனுக்கும் பெருசா ஒன்னும் தெரியாது. படிச்சது என்னவோ மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான். காலேஜ் லேப்புல ஒரு இன்ஜினைக் குறுக்கால வெட்டி, உள்ளுக்குள்ள சிவப்பு பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பாங்க. அதைச் சுத்தி நின்னு ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சதோட சரி. நாலு வருஷத்துல ஒரு ஸ்பேனரை முழுசா ஒரு சுத்து சுத்தினதா ஞாபகம் இல்ல. அப்புறம் கேம்பஸ்ல பொட்டி தட்ட எடுத்துக்கிட்டாங்க, நானும் மெக்கானிக்கலை மறந்துட்டேன், மெக்கானிக்கலும் என்னை மறந்துடுச்சு.

நம்ம வண்டி 2016 மாடல், நாலு சிலிண்டர் பெட்ரோல். 2022ல செகண்ட் ஹாண்ட்ல வாங்கினேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். இந்தக் கதையில கம்பெனி மேல தப்பே இல்ல, பேரைச் சொன்னா பின்னூட்டத்துல ரெண்டு கோஷ்டி கிளம்பி அடிச்சுக்கும்.

விஷயம் ஆரம்பிச்சது கத்திப்பாரா மேம்பாலத்துல. மூணாவது கியர்ல ஏறும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. யாரோ பின்னாடி இருந்து சட்டையைப் பிடிச்சு இழுத்து விட்ட மாதிரி. பாலம் இறங்கினதும் சரியாப் போச்சு. சிக்னல்ல நின்னா பூனைக்குட்டி மாதிரி அமைதியா இருக்கு. வீட்டுக்கு வந்து ஆக்சிலரேட்டரை மிதிச்சுப் பார்த்தா ஒன்னுமே இல்ல. நம்ம தொழில்ல இப்படி வர்ற பக்கைப் பார்த்தா வயித்தைக் கலக்கும். டெஸ்ட் பண்றவன் கண்ணுல படும், நாம போய் நின்னா காணாமப் போயிடும்.

அடுத்த ரெண்டு வாரம் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. பெரும்பாலும் ஒரே பதில்தான், "எத்தனால்". பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பிச்சதுல இருந்து நம்ம ஊருல கார் கண்ணாடி இறங்கலைன்னாகூட அதுதான் காரணம். ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஆளு, அபார்ட்மெண்ட் செக்ரட்டரி, குடும்ப வாட்ஸப் குரூப்ல இருக்க சித்தப்பா எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. நானும் சொன்னேன், மறைக்க என்ன இருக்கு. பழைய வண்டிக்கு அது ஆகுமா ஆகாதாங்கறது தனியா உக்காந்து போட வேண்டிய சண்டை. ஆனா எல்லாரும் பேசிக்கிட்டு இருக்க ஒரு காரணம் கையில ரெடியா இருந்தா, நாம வேற எதையும் தேடுறதை நிறுத்திடுறோம். என்கிட்ட அதுதான் நடந்துச்சு. நாலு டேங்க் விலை கூடின பெட்ரோல் போட்டுப் பார்த்தேன். குலுக்கல் அப்படியே இருந்துச்சு, பர்ஸ் மட்டும் இளைச்சுது.

சரின்னு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எஸ்டிமேட் போடற தம்பிக்கு என் வயசுதான் இருக்கும், அவரும் பி.இ.தான். கொண்டு போன அன்னிக்குப் பார்த்து வண்டி ஒரு குலுக்குக்கூட குலுக்கல. த்ராட்டில் பாடி கிளீன் பண்ணாங்க, இஞ்ஜெக்டர் கிளீன் பண்ணாங்க, 3,800 ரூபா. மறுநாளே பாலத்துல பழைய குலுக்கல். திரும்பப் போனா ஒரு பேப்பரைக் குடுத்தார்: காயில் நாலு, பிளக் நாலு, ஃப்யூல் பம்ப், இன்னும் ஏதோ ரெண்டு சென்சார். மொத்தம் 27,000 சொச்சம்.

"இதுல எதுங்க பிரச்சினை?"ன்னு கேட்டேன்.

"எல்லாத்தையும் மாத்திட்டா சரியாயிடும் சார்."

"எல்லாத்தையும் மாத்தினா சரியாகும்னு எனக்கும் தெரியும் தம்பி. காரையே மாத்தினாலும் சரியாகும். எது போயிருக்குன்னு பாக்க முடியாதா?"

அதுக்கு அவர் சொன்ன பதில்தான் இன்னும் காதுல இருக்கு. குரலைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டு, "சார், சும்மா செக் பண்றதுக்குன்னு பில்லுல கோடு இல்ல சார். ஏதாவது மாத்தினாத்தான் எங்களால ஜாப் கார்டை க்ளோஸ் பண்ண முடியும்"னார்.

எனக்கு அவர் மேல கோவம் வரல. அந்த பில்லிங் சாஃப்ட்வேரை எங்கயாவது ஒரு கண்ணாடிக் கட்டிடத்துல உக்காந்து நம்மள மாதிரி ஒருத்தன்தான் எழுதியிருப்பான். அவன்கிட்ட "யோசிக்கிறது"ன்னு ஒரு கோடு வேணும்னு யாரும் ரெக்வயர்மெண்ட் குடுத்திருக்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

அதுக்குள்ள வந்துச்சு விழுப்புரத்துல பெரியத்தை பேரனுக்குக் காதுகுத்து. ஞாயித்துக்கிழமை, பத்தரை மணி முகூர்த்தம். அப்பா முன் சீட்டுல, தங்கமணி பின் சீட்டுல சீர்வரிசைத் தட்டோட. தாம்பரம், செங்கல்பட்டு வரைக்கும் வண்டி அப்பப்ப முணுமுணுத்துச்சு, அவ்வளவுதான். மதுராந்தகம் ஏரிக்கரையைத் தாண்டினதும் குலுக்கல் நிரந்தரமாயிடுச்சு. மஞ்சளா அந்த இன்ஜின் படம் போட்ட லைட்டு எரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல அது விட்டு விட்டு மினுக்க ஆரம்பிச்சுது.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? லைட்டுல லூஸ் கனெக்‌ஷன்னு. நிஜமாத்தான் சொல்றேன், சிரிக்காதீங்க.

முகூர்த்த நேரம் வேற. அழுத்திப் பிடிச்சு நாப்பது கிலோமீட்டர் சொச்சம் அப்படியே ஓட்டினேன். இந்த நாப்பது கிலோமீட்டரை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

திண்டிவனம் வர்றப்போ வண்டி மாட்டு வண்டி ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை, பாதி ஷெட்டு பூட்டிக் கிடக்கு. மேம்பாலத்துக்குக் கீழ இளநீர் விக்கிற அம்மா, "பாய் ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, நேராப் போங்க"ன்னு கை காட்டினாங்க. ஒரு தகரக் கொட்டாய், ரெண்டு ஆட்டோ, பிரிச்சுப் போட்ட ஒரு டிராக்டர் இன்ஜின். பாய்க்கு அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பானெட்டைத் திறக்கலை. முதல்ல சைலன்சர் பக்கத்துல போய் உள்ளங்கையைக் காட்டிக்கிட்டு குந்தி உக்காந்தார். புகை புஸ் புஸ்னு சீரா வராம நடுநடுவுல ஒன்னை முழுங்கிட்டு வந்துச்சு. அப்புறம்தான் பேசினார்.

"மிஸ்ஸிங் அடிக்குது தம்பி. சூடான பிறகு வருதா, காலையில எடுக்கும்போதே வருதா?"

"சூடான பிறகு பாய்."

"மேடு ஏறும்போதா, நிக்கும்போதா?"

"மேடு ஏறும்போதுதான் ஆரம்பிச்சுது."

"பிளக் எப்ப மாத்துனீங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்த்தார். வாங்கும்போது 48,000 ஓடியிருந்த வண்டி, இப்ப 71,000. நான் மாத்தல. முன்னாடி வச்சிருந்தவர் மாத்தினாரான்னு தெரியாது. சர்வீஸ் புக்குல 40,000க்கு ஒரு தடவை மாத்தணும்னு போட்டிருக்கு. ஒரு சர்வீஸ்ல கேட்டப்போ "நல்லாத்தானே ஓடுது, இப்ப வேணாம்"னு எழுநூறு ரூபா மிச்சம் பிடிச்ச புத்திசாலி சாட்சாத் அடியேன்தான்.

இங்க கொஞ்சம் காயில் புராணம் சொல்லிக்கிறேன், அப்பத்தான் பாய் கேட்ட மூணு கேள்வியோட அருமை புரியும்.

பேட்டரியில இருக்கறது 12 வோல்ட். பிளக்கு நுனியில ஒரு மில்லிமீட்டரை ஒட்டின இடைவெளியில பொறி தாண்டணும்னா இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலகூட வேணும். அதை உண்டாக்குறது காயில். நம்ம தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரோட குட்டித் தம்பின்னு வச்சுக்கோங்க. இரும்பு மேல தடிப்பா ஒரு நூத்தி சொச்சம் சுத்து, அதுக்கு மேல தலைமுடி மாதிரி மெல்லிசா பத்து இருபதாயிரம் சுத்து. 1831ல ஃபாரடே ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு கம்பியைச் சுத்தி வச்சுப் பார்த்தாரே, அதே சமாச்சாரம்தான். முதல் கம்பியில கரண்ட்டை விட்டு, சட்டுனு வெட்டி விடணும். வெட்டுற அந்த நொடியிலதான் ரெண்டாவது கம்பியில அவ்வளவு வோல்ட் எகிறும். பழைய அம்பாசடர்ல ஒரே காயில்தான், வெட்டுற வேலையைப் பார்த்தது பாயிண்ட். அது கருகிப் போனா டிரைவரே இறங்கி உப்புத்தாளை வச்சுத் தேய்ச்சுட்டு ஓட்டுவார். இப்ப சிலிண்டருக்கு ஒன்னா பிளக்கு தலை மேலயே காயில் உக்காந்திருக்கு, வெட்டுற வேலையை கம்ப்யூட்டர் பாத்துக்குது. இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தினா ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 25 தடவை பொறி விடணும். தாம்பரத்துல இருந்து திண்டிவனம் வர்றதுக்குள்ள ஒரு லட்சம் தடவைக்கு மேல. இன்ஜின் சூடு வேற கீழ இருந்து வேக வச்சுக்கிட்டே இருக்கும்.

பிளக்கு தேய்ஞ்சா நுனி மழுங்கி இடைவெளி கூடும். கூடினா பொறி தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேணும். தாண்ட முடியாத கரண்ட் சும்மா இருக்காது. மடை அடைச்சுக்கிட்டா ஏரித்தண்ணி பலவீனமான இடமாப் பார்த்துக் கரையை உடைக்கும் இல்லையா, அந்த மாதிரி காயிலுக்குள்ள இருக்க இன்சுலேஷனைக் குத்திக்கிட்டு வெளியே போகப் பாக்கும். ஒரு தடவை ஓட்டை விழுந்துட்டா அதுக்கப்புறம் அதுதான் வழி. மேடு ஏறும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் அதிகம், அழுத்தம் அதிகமானா பொறி தாண்டறது இன்னும் கஷ்டம். அதனாலதான் பாலத்துல குலுக்குச்சு, சிக்னல்ல குலுக்கல. சூடானா இன்சுலேஷன் இன்னும் பலவீனமாகும். அதனாலதான் காலையில ஆறிப்போன வண்டியை சர்வீஸ் சென்டர்ல விட்டப்போ ஒன்னுமே தெரியல. இவ்வளவும் பாய்க்கு அந்த மூணு கேள்வியில கிடைச்சுடுச்சு. எனக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு நாலு ராத்திரி உக்காந்து படிச்சுத்தான் புரிஞ்சுது.

பாய் கிட்ட ஸ்கேனர்னு பெருசா ஒன்னும் இல்ல. கண்ணாடி விரிசல் விட்ட ஒரு ஆண்ட்ராய்டு போனும், தீப்பெட்டி சைஸ்ல ஒரு ப்ளூடூத் டப்பாவும்தான். ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் வச்ச சாக்கெட்ல சொருகினார். பி0302ன்னு வந்துச்சு.

"ரெண்டாவது சிலிண்டர் காயில் போச்சா பாய்?"ன்னேன், ஏதோ பெரிய விஷயம் தெரிஞ்சவன் மாதிரி.

"ரெண்டாவது சிலிண்டர் எரியலைன்னுதான் சொல்லுது தம்பி. ஏன் எரியலைன்னு சொல்லலையே"ன்னார்.

மக்களே, இந்த ஒரு வரியை நான் ஆபீஸ்ல எத்தனை பேர் கிட்ட எத்தனை தடவை கத்தியிருப்பேன்! எர்ரர் எந்த வரியில வந்துச்சோ அந்த வரியிலதான் தப்பு இருக்கணும்னு அவசியம் இல்லைடான்னு. இன்ஜின் கம்ப்யூட்டர் சிலிண்டருக்குள்ள எட்டிப் பாக்கறது கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் சுத்துற வேகத்தைத்தான் அளக்குது. ஒவ்வொரு வெடிப்புக்கும் அதுல ஒரு சின்ன உதைப்பு இருக்கும், ரெண்டாவது சிலிண்டர் முறை வரும்போது அந்த உதைப்பைக் காணோம்னு சொல்லுது, அவ்வளவுதான். காயில் போயிருக்கலாம், பிளக் போயிருக்கலாம், இஞ்ஜெக்டர் அடைச்சிருக்கலாம், வால்வு சரியா மூடாம இருக்கலாம். நெட்டுல அந்த நம்பரைத் தேடினா முதல் பத்து பதிலும் "காயிலை மாத்து"ன்னு வரும். அதுக்குக் கீழயே காயில் விளம்பரமும் வரும்.

பாய் ஒரு பத்தாம் நம்பர் சாக்கெட்டை எடுத்து ரெண்டாவது காயிலையும் மூணாவது காயிலையும் கழட்டினார். இடம் மாத்தி மாட்டினார். பழைய கோடை அழிச்சார். "அந்தப் பாலத்தை மட்டும் மெதுவா ஏறி இறங்கி வாங்க, அழுத்தாதீங்க"ன்னு அனுப்பினார். போயிட்டு வந்து பார்த்தா பி0303. வியாதி காயிலோட சேர்ந்து மூணாவது சிலிண்டருக்குக் குடி போயிடுச்சு! இஞ்ஜெக்டர் பாவம், வால்வு பாவம், எத்தனாலும் பாவம், ஃப்யூல் பம்ப்புக்கு சம்பந்தமே இல்ல. ஒரே ஒரு விஷயத்தை மாத்தி, மத்ததை எல்லாம் அப்படியே வச்சுப் பாக்கறதுன்னு ஸ்கூல் சயின்ஸ் புக்குல படிச்சோமே, அதேதான். அதுக்கு ஆன செலவு பூஜ்யம், ஆன நேரம் ஒரு டீ ஆறுற நேரம். மெக்கானிக்கல் படிச்ச எனக்கும் தோணல, எஸ்டிமேட் போட்ட பி.இ. தம்பிக்கும் தோணல. இல்ல, தோணியிருக்கும், அதுக்குத்தான் பில்லுல கோடு இல்லையே.

அதோட நிறுத்தாம நாலு பிளக்கையும் கழட்டி என் உள்ளங்கையில வச்சார். நுனி தேய்ஞ்ச ஆணி மாதிரி மழுங்கிக் கிடந்துச்சு. "காயிலை மட்டும் மாத்தி அனுப்பினா ஆறு மாசத்துல இன்னொன்னு போகும். கொன்னது இது"ன்னார். பையனை டி.வி.எஸ். எக்ஸெல்ல அனுப்பி, ஸ்பேர் கடைக்காரரை வீட்டுல இருந்து வரவழைச்சு காயிலும் பிளக்கும் வாங்கியாச்சு. மாட்டி ஸ்டார்ட் பண்ணினா, வண்டி வாங்கின முதல் நாள் மாதிரி இருக்கு.

இப்ப நான் சொல்ல வெக்கப்படுற இடம். கணக்கு சொன்னார்: காயில் 1,950, பிளக் நாலும் சேர்த்து 720. "கூலி ஒரு முன்னூறு குடுங்க."

நான் 2,670ஐ ஒரு வார்த்தை கேக்காம எண்ணினேன். கூலி வந்ததும் வாய் தானா திறந்துச்சு. "இருநூறு வச்சுக்கங்க பாய், நாலு போல்ட்டு கழட்டின வேலைதானே."

பாய் ஒன்னும் சொல்லல. சிரிச்சுக்கிட்டே இருநூறை வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். காயிலுக்கு ஐம்பது ரூபா குறைச்சுக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. அட்டைப் பொட்டியில கம்பெனி முத்திரையோட வந்துச்சு பாருங்க, அதுக்கு மரியாதை. அம்பத்தஞ்சு வயசு மண்டைக்குள்ள இருந்து வந்ததுக்கு அட்டைப் பொட்டி இல்ல.

விக்கிரவாண்டி வரைக்கும் அப்பா பேசல. அவர் ஈ.பி.யில லைன் இன்ஸ்பெக்டரா ரிடையர் ஆனவர். டோல்கேட் தாண்டினதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னார்: "மழையில நடுராத்திரி லைனைப் பார்த்துக்கிட்டே மூணு மைல் நடப்பேன். எந்தப் போஸ்ட்ல இன்சுலேட்டர் வெடிச்சிருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். மாத்தறதுக்குப் பத்து நிமிஷம். ஊருக்குள்ள வந்தா, 'ஏதோ பத்து நிமிஷ வேலையாம், ராத்திரி பூரா கரண்ட்டைக் கட் பண்ணி வச்சுட்டான்'னு பேசுவான்." அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட தேவலாம்.

நான் எப்படிச் சம்பாதிக்கிறேன்னு யோசிச்சுப் பாருங்க. போன மாசம் ஒரு பக். ரெண்டரை நாள் லாக்கை மேய்ஞ்சேன். கடைசியில மாத்தினது ஒரே ஒரு வரி, அதுலயும் ஒரு குறி. டைம் ஷீட்டுல "இன்வெஸ்டிகேஷன், 20 மணி நேரம்"னு போட்டேன். டேமேஜர் அப்ரூவ் பண்ணார், கிளையண்ட் டாலர்ல குடுத்தான். "ஒரு குறி மாத்தினதுக்கு இவ்வளவா"ன்னு எவனும் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே பொங்கி ஒரு பதிவு போட்டிருப்பேன். கண்டுபிடிக்கிறதுக்குக் காசு வாங்குறவன், கண்டுபிடிச்சுக் குடுத்தவர்கிட்ட போல்ட்டை எண்ணிப் பேரம் பேசினேன்.

சர்வீஸ் சென்டர் கொள்ளையடிக்கிறான்னு நாம எல்லாரும் எழுதியாச்சு. என் கருத்து இப்ப கொஞ்சம் மாறிடுச்சு. அந்த 27,000 எஸ்டிமேட்டை உண்டாக்குனதுல நமக்கும் பங்கு இருக்கு. "பாக்கறதுக்கு"ன்னு தனியா முன்னூறு ஐநூறு கேட்டா நாம எகிறுறோம். "ஒன்னும் மாத்தலையே, எதுக்குக் காசு?"ன்னு சண்டைக்கு நிக்கிறோம். அதனால எந்த ஷெட்டும் பாக்கறதை விக்கறதில்ல, பொருளைத்தான் விக்குது. பொருளை வித்தாத்தான் வயிறு நிறையும்னா நாலு காயில் மாத்தறதுக்குப் பதிலா ஒரு காயில் மாத்தணும்னு யாருக்குத் தோணும்? அமெரிக்கால இருக்க என் ரூம் மேட் ஷெட்டுல வண்டியை விட்டாலே டயக்னாஸ்டிக் ஃபீஸ்னு தனியாப் புடுங்குறான்னு புலம்புவான். முன்னெல்லாம் நானும் சேர்ந்து உச்சு கொட்டுவேன். இப்ப அது ஒன்னும் அநியாயமாத் தெரியல.

இதுல ஒரு ஓட்டை இருக்கு, ஒத்துக்கிறேன். பொருளை மாத்தினா பழசைக் கையில வாங்கிப் பாக்கலாம். யோசிச்சேன்னு சொன்னா எதைப் பாக்கறது? "ரெண்டு மணி நேரம் பார்த்தேன், ஆயிரம் குடு"ன்னு சும்மா உக்காந்திருந்தவன்கூட சொல்லலாமே? சொல்லலாம்தான். அதுக்கும் பாய் ஷெட்டுலயே பதில் இருந்துச்சு. நோயை ஒரு சிலிண்டர்ல இருந்து இன்னொன்னுக்கு நகர்த்தி என் கண்ணு முன்னாடி காட்டினார் இல்லையா? அதைக் கேளுங்க. "இதுதான் போயிருக்குன்னு எப்படித் தெரியும், காட்டுங்க"ன்னு கேட்டு, காட்டினவருக்குப் பேரம் பேசாமக் குடுங்க. எல்லாப் பழுதையும் இப்படிக் காட்ட முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா காயில் மாதிரி ஒரே பொருள் நாலு இருக்க இடத்துல காட்டாம நாலையும் மாத்தச் சொன்னா, ஏன்னு ஒரு தடவையாவது கேக்கலாம்.

சரி, அந்த நாப்பது கிலோமீட்டர். மஞ்ச லைட்டு நிலையா எரிஞ்சா சீக்கிரம் காட்டுன்னு அர்த்தம். மினுக்கினா, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகுது, உடனே காலை எடு, ஓரங்கட்டுன்னு அர்த்தம். அங்க கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு ஒன்னு இருக்கு, தேன்கூடு மாதிரி பீங்கான், அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. பச்சைப் பெட்ரோல் அதுக்குள்ள போய் எரிஞ்சா சூட்டுல பூச்சும் பாழாகும், கூடே உருகிப் போகும். இந்த விவரம் கார் கையேட்டுல ரெண்டு வரியில இருக்கு. கையேடு கிளவ் பாக்ஸ்ல இருக்கு. நான் அது மேல டோல் ரசீது அடுக்கி வச்சிருந்தேன். தங்கமணி பின் சீட்டுல இருந்து "லைட்டு ஏதோ மினுக்குதே, நிறுத்திப் பாருங்களேன்"னு சொன்னதையும் இங்க பதிவு பண்ணலைன்னா வீட்டுல சோறு கிடைக்காது. காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ கம்மல் போட்டு முடிச்சு நாலாவது பந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அழுத்திப் பிடிச்சும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி மஞ்ச லைட்டு. இந்தத் தடவை மினுக்கல, நிலையா எரிஞ்சுது. நானே ஒரு ப்ளூடூத் டப்பா வாங்கி வச்சிருந்தேன், சொருகிப் பார்த்தா பி0420. கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைன்னு சொல்ற கோடு. புதுசு போட அரை லட்சத்தைத் தாண்டுது. பாடம் படிச்சவனாச்சே, உடனே மாத்தல. போன மாசம் ஊருக்குப் போகும்போது திண்டிவனத்துல நிறுத்தினேன். பாய் முதல்ல சைலன்சர் ஜாயிண்ட்ல எங்கயாவது லீக் இருக்கான்னு பார்த்தார். அப்புறம் வண்டியை சூடு பண்ணி, கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்க ஆக்ஸிஜன் சென்சாரையும் பின்னாடி இருக்கறதையும் போன்ல ஓட விட்டுக் காட்டினார். முன்னாடி கோடு மேலயும் கீழயும் ஆடுது. கன்வெர்ட்டர் நல்லா இருந்தா பின்னாடி கோடு கிட்டத்தட்ட நேராப் போகணுமாம். என் வண்டியில அதுவும் இது கூடவே ஆடுது. ஒரு மணி நேரம் ஆச்சு.

"போச்சு தம்பி. மெதுமெதுவாப் பார்த்துக்கலாம், ஆனா போனது போனதுதான்."

"எவ்வளவு பாய் ஆச்சு?"

"ஒன்னும் மாத்தலையே, என்னத்தை வாங்குறது?"

பாருங்க, அவருக்கே தோணல. ஐநூறு ரூபாயை எடுத்துக் கையில வச்சு அமுக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, கல்லாவுல இருந்து இருநூறை எடுத்துத் திருப்பிக் குடுத்துட்டார். வாங்க மாட்டேன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல.

இப்ப புகை சர்டிபிகேட் தேதி நெருங்குது. கம்பெனிப் பொருளே போடணும்னு ஒரு கோஷ்டி, வெளியில பாதி விலைக்குக் கிடைக்கிறதைப் போட்டா போதும்னு இன்னொரு கோஷ்டி, உள்ள இருக்கறதை உடைச்சு எறிஞ்சுட்டு வெறும் டப்பாவை மாட்டிக்கோன்னு ஆபீஸ்ல ஒரு மகராசன். மூணாவது வேலையைச் செய்ய மாட்டேன். முதல் ரெண்டுல எது போட்டு எவ்வளவு நாள் ஓடுச்சுன்னு அனுபவப்பட்டவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எத்தனால்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க :-)